ஒரு டிகிரி இறக்குங்க

குருவுக்கு வயசு இருபத்தொம்பது. சீடருக்கு அறுபது. அந்தச் சீடரைக் கட்டிக்கிட்டு முப்பது வருசமா மாரடிக்கிறவ நான். அதனால இந்தக் கதைய நான்தான் சொல்லோணும். வேற யாரு சொன்னாலும் பாவம் பாத்து அவருக்குச் சாதகமாச் சொல்லிப்போடுவாங்க.

சீடர் பேரு சாமியப்பன். காங்கேயத்துக்குப் பக்கம், எங்கூரு ஹைஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. முப்பத்திரண்டு வருச சர்வீஸ். இந்த முப்பத்திரண்ட நீங்க நெனப்புல வெச்சுக்க வேண்டியதில்ல, அவரே ஒரு நாளைக்கு நாலு தடவ ஞாபகப்படுத்துவாரு.

குரு பேரு மேனகா. தவத்தக் கலைக்கிற மேனகைன்னு நெனச்சுக்காதீங்க. இவ வாயத் தொறந்தா தவம் பண்றவன் தானா எந்திரிச்சு ஓடிப்போயிருவான். பல்லடம் ரோட்டுல இருக்கிற குஞ்சு பொரிக்கிற கம்பெனில மெஷினெல்லாம் இவ பொறுப்பு. ஒரே சமயத்துல லட்சம் முட்டைய அடை காக்கிறவ.

போன தை மாசம் எங்க தெருக் கோழிங்களுக்கு வெள்ளக்கழிசல் வந்துது. பதினாலு ஊட்டுக் கோழியும் கொத்துக் கொத்தா விழுந்துது. கடைசில நாப்பது தேறுச்சு. அதுல அடைக்கு உக்கார்ற கோழி மூணே மூணு.

அந்த நாப்பது போட்ட முட்டைய நான்தான் ஊடு ஊடாப் போயி வாங்கினேன். "ஆம்லெட் போடாதீங்க, எங்கிட்டக் குடுங்க, குஞ்சாத் திருப்பித் தர்றேன்"னு வாய் குடுத்துட்டேன். இந்த ஈடு பொரிக்கலைன்னா தெருவுல கோழி கூவறதையே மறந்தறலாம்.

பொரிக்கிறதுக்கு மெஷின் மகன் வாங்கி அனுப்பினான். பீரோவுல பாதி உசரம். முன்னால ஒரு கண்ணாடிக் கதவு, மேல செவப்பா நம்பர் எரியுது. முட்டைய எண்ணிப் பாத்தோம். இருநூத்திப் பன்னெண்டு.

"அடடா! இருநூத்திப் பன்னெண்டு! பாரன்ஹீட்டுல தண்ணி கொதிக்கிற டிகிரி!"ன்னாரு வாத்தியாரு.

"முட்டைய வெச்சுக்கிட்டுக் கொதிக்கிற பேச்சு பேசறீங்களே, வாயில நல்ல வார்த்த வருதா பாரு"ன்னேன்.

மெஷின் வந்துருச்சு, ஓட்டத் தெரியாது. மேனகாகிட்ட ஒரு வாரம் கத்துக்கிட்டு வரலாம்னு அவரே கெளம்பினாரு. முட்டை என் பொறுப்பு. நானும் டிவிஎஸ் பின்னால ஏறிக்கிட்டேன்.

மொத நாள் மேனகா ஒரே வார்த்தை சொன்னா.

"தொண்ணுத்தொம்பதரை. அவ்வளவுதானுங்க சார்."

வாத்தியாரு நோட்டத் தொறந்தாரு. "அம்மணி, அது பாரன்ஹீட். எங்க மெஷின் செல்சியஸ். செல்சியஸ்ல சொன்னா நல்லாருக்கும்."

"எனக்குத் தொண்ணுத்தொம்பதரை தானுங்க பழக்கம். இங்க எல்லா மெஷினும் அதுலதான் ஓடுது."

"பரவால்ல, நான் மாத்திக்கறேன். இதுல என்ன கம்ப சூத்திரம்? ஐஸ் உருகற எடம் செல்சியஸ்ல பூஜ்யம். பாரன்ஹீட்டுல முப்பத்திரண்டு. அதனால முதல்ல முப்பத்திரண்டக் கழிக்கணும். மிச்சத்த அஞ்சால பெருக்கி ஒம்பதால வகுக்கணும். தொண்ணுத்தொம்பதரைல முப்பத்திரண்டு போனா அறுபத்தேழரை..." பென்சில் ஓடுச்சு. "முப்பத்தேழரை! சரியா வருதா?"

"வருதுங்க."

"எப்படி வராமப் போகும்? முப்பத்திரண்டு வருசம் போர்டுல போட்ட கணக்கு!"

மேனகா மெஷினுக்குள்ள கைய விட்டு ஒரு முட்டைய எடுத்தா.

"கண்ண மூடுங்க சார்."

அவரு மூடுனாரு. அவ முட்டைய அவரு கண்ணிமை மேல மெதுவா வெச்சா.

"எப்படி இருக்குது?"

"நம்பரப் பாத்தாத்தானே சொல்ல முடியும்?"

முட்டைய எடுத்து உள்ள வெச்சுட்டா. "நாளைக்கு வாங்க."

மறுநாளும் அதே முட்டை, அதே கண்ணிமை. இவரு கண்ண மூடிக்கிட்டே "முப்பத்தேழு புள்ளி நாலு இருக்குமா?"ன்னாரு.

"நாளைக்கு வாங்க."

மூணாம் நாளும் அப்படியே. திரும்பி வர்ற வழியில டிவிஎஸ் ஓட்டிக்கிட்டே பூவு, பூவுன்னு எங்கிட்டப் புலம்புனாரு. "என்ன பூவு இது? கேட்டா பதில் சொல்றதில்ல. கண்ணுல முட்டைய வெச்சு ஒத்தடம் குடுக்கறா. நம்ம பசங்ககூட இப்படி வெளையாடுனதில்ல."

"உங்ககிட்ட வெளையாட எந்தப் பையனுக்குத் தைரியம் இருந்துது?"ன்னு கேட்டேன். அவரு வேகமா ஓட்டுனாரு.

ஏழாம் நாள் மேனகா கையெடுத்துக் கும்பிட்டா. "போதுமுங்க சார். முட்டைய அடுக்கிருங்க. சந்தேகம் வந்தா போன் பண்ணிக் கேளுங்க. தயவு செஞ்சு கேளுங்க."

மெஷின்ல முட்டைய அடுக்குனோம். முப்பத்தேழரைல நம்பர் நின்னுச்சு. அன்னைக்கு இருந்து எனக்குப் புடிச்சுது சனி.

காத்தால பேப்பர்ல 'வெயில் சதமடித்தது'ன்னு போட்டிருந்தா, "முப்பத்தேழு புள்ளி எட்டு! இப்ப வாசல்லயே முட்டைய வெச்சாப் பொரிச்சுரும் போல"ன்னு தெருவுக்கே கேக்கறாப்பல படிப்பாரு. குளிக்கிற தண்ணில தெர்மாமீட்டர உட்டு, "நாப்பத்தொண்ணு பூவு, மூணரை டிகிரி ஜாஸ்தி"ம்பாரு. ஒறம்பரை, அதான் சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போன எடத்துல டிகிரி காப்பி குடுத்தாங்க. "செல்சியஸா, பாரன்ஹீட்டா?"ன்னு கேட்டுட்டு அவரே சிரிச்சுக்கிட்டாரு. எனக்குத் தலைய எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு தெரியல.

ஆனா ஒண்ணு சொல்லோணும். முட்டைய நல்லாப் பாத்துக்கிட்டாரு. நேரத்துக்குத் திருப்பி விட்டாரு, நேரத்துக்குத் தண்ணி வெச்சாரு. பதினெட்டு நாள் நம்பர் முப்பத்தேழரைய விட்டு அசையல. ராத்திரி நான் நிம்மதியாத் தூங்குனேன்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் மேனகா போன் பண்ணுனா. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு.

"சார், இனி முட்டையத் திருப்ப வேண்டாம். கீழ் தட்டுல படுக்க வெச்சிருங்க. சூட்ட ஒரு டிகிரி இறக்குங்க. குஞ்சு உள்ள புரளும்போது அதுவே சூடு குடுக்கும்."

"சரி அம்மணி."

போன வெச்சாரு. நோட்ட எடுத்தாரு. நான் முருங்கக்கீரை உருவிக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தேன். எழுதறாரு, அழிக்கிறாரு, மறுபடி எழுதறாரு. மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறாரு.

"என்னாச்சுங்க?"

"அவ சொன்ன ஒரு டிகிரி பாரன்ஹீட். அத செல்சியஸா மாத்தோணும். ஒண்ணுல முப்பத்திரண்டு போனா மைனஸ் முப்பத்தொண்ணு. அஞ்சால பெருக்கி ஒம்பதால வகுத்தா மைனஸ் பதினேழு."

"அப்படின்னா?"

"ஐஸ விடக் குளுந்தது. இந்தப் பொண்ணு என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்லுதா?"

"அட கெரகமே, போன எடுத்துக் கேளுங்களேன். கேளுங்கன்னுதானே சொல்லி அனுப்புனா."

"எத? எப்படி மாத்தறதுன்னா? முப்பத்திரண்டு வருசம் ஊருக்கே சொல்லிக் குடுத்தவன், இருபத்தொம்பது வயசுப் புள்ளகிட்ட அதையே கேக்கறதா?"

"கேட்டா வாயா வலிக்கும்?"

அவரு ரொம்ப நேரம் ரோசன பண்ணுனாரு. அப்பறம் "கணக்கு கெடக்குது. டிகிரின்னா டிகிரிதானே"ன்னு முணுமுணுத்துக்கிட்டே பட்டன அமுக்குனாரு. முப்பத்தேழரை போயி முப்பத்தாறரை ஆச்சு.

நான் படிக்காதவ. எனக்கு என்ன தெரியும்? சும்மா இருந்துட்டேன். அந்தச் சும்மா இருந்ததுக்கு இன்னைக்கும் என்னையே திட்டிக்கறேன்.

இருபத்தோராம் நாள் பொரிக்கோணும். காத்தாலருந்து தெருப் பொம்பளைங்க ஒவ்வொருத்தரா வந்து எட்டிப் பாத்தாங்க. "இன்னும் ஆகலீங்களா?" "இப்ப ஆயிரும்." மத்தியானமும் ஆகல. ஒரு முட்டைலகூட விரிசல் இல்ல, ஒரு கீச்சுச் சத்தம் இல்ல.

வாத்தியாருக்கு இருப்புக் கொள்ளல. அஞ்சு நிமிசத்துக்கொருக்காக் கதவத் தொறக்கறதும், ஒரு முட்டைய எடுத்துக் காதுல வெச்சுக் கேக்கறதும், மூடறதுமா இருந்தாரு.

"தொறக்காதீங்க, குளுந்துரும்!"ன்னேன்.

"நம்பர் சரியாத்தான் இருக்குது பூவு!"

"நம்பரா பொரிக்கப்போகுது?"ன்னு கத்திட்டேன். அப்படி அவரப் பாத்து நான் கத்துனதே இல்ல. பதினாலு ஊட்டுக்கும் என்ன பதில் சொல்றது? அவருக்குத் தெரியாம மேனகாவுக்கு நானே போன் பண்ணுனேன்.

மறுநாள் விடியக்காத்தால, வேலைக்குப் போறதுக்கு முன்னால வந்துட்டா. ஸ்கூட்டிய நிறுத்துனா, நேரா உள்ள வந்தா, நம்பரப் பாக்கவே இல்ல. கதவ ஒரு கை போற அளவுக்குத் தொறந்து ஒரு முட்டைய எடுத்தா. கண்ண மூடி இமை மேல வெச்சா. உதட்டக் கடிச்சா.

"குளுந்து கெடக்குதுங்க. எத்தனைல வெச்சீங்க?"

"நீ சொன்ன மாதிரி ஒரு டிகிரி இறக்குனேன்"ன்னு நோட்ட நீட்டுனாரு. அவ படிச்சா. அந்த மைனஸ் பதினேழுகிட்ட வந்ததும் நெத்தில கைய வெச்சுக்கிட்டா.

"அய்யோ சார்."

அவ்வளவுதான் சொன்னா. செவுத்தப் பாத்தா. அங்க எங்கூட்டுக் கடியாரம் தொங்குது.

"இது பத்து நிமிசம் முன்னால ஓடுதுங்களே?"

"நான்தான் திருப்பி வெச்சேன். ஸ்கூலுக்கு லேட்டாகக் கூடாதுன்னு." இதச் சொல்லும்போதும் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

"சரியான மணி வேணும்னா என்ன பண்ணுவீங்க?"

"பத்து நிமிசம் கழிச்சுக்குவேன்."

"முட்டை வேக எத்தன நிமிசமாகும்?"

"ஒரு பன்னெண்டு நிமிசம்."

"உங்கூட்டுக் கடியாரத்துல?"

"அதுலயும் பன்னெண்டுதான்."

"ஏனுங்க, பத்தக் கழிக்கலையா?"

"மணிக்குத்தானே கழிக்கணும், எத்தன நிமிசம் ஆச்சுங்கறதுக்கு எதுக்கு..." அவரு பாதில நிறுத்திட்டாரு. நோட்டப் பாத்தாரு. காது மடல் செவந்துருச்சு.

மேனகா விடல. "இப்ப வாசப்படிகிட்டப் போயி நில்லுங்க. அக்கா, நீங்களும். ரெண்டு பேரும் மெஷின் வரைக்கும் நடந்து வாங்க, உங்க உங்க நடைல."

"முட்டை அங்க சாகுது, இங்க நடைப் பயிற்சியா?"ன்னாரு.

"நடங்க சார்!"

நடந்தோம். அவரு பன மரமாட்ட உசரம். அஞ்சே எட்டு வெச்சுப் போயிச் சேந்துட்டாரு. நான் குள்ளச்சி, முட்டி வலிக்காரி. எனக்கு ஒம்பது ஆச்சு. முப்பது வருசமா அவரு பின்னால நான் ஓடித்தான் போறேன், ஒரு நாளும் அவரு திரும்பிப் பாத்ததில்ல. அன்னைக்குத்தான் என் காலப் பாத்தாரு.

"இப்ப ரெண்டு பேரும் ஒரு எட்டு பின்னால வைங்க."

வெச்சோம். அவரு அங்க நின்னாரு, நான் இங்க நின்னேன். அவரு வெச்ச எட்டுல பாதியத் தாண்டி ஒரு சாண்கூட நான் போகல.

"ஒரு டிகிரி இறக்குங்கன்னு நான் சொன்னது பாரன்ஹீட், அக்கா எட்டுல. நீங்க இறக்குனது செல்சியஸ், உங்க எட்டுல"ன்னா மேனகா. "அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல இறக்கியிருந்தாப் போதும். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இறக்கிட்டீங்க. அதுக்கு மேல கதவையும் தொறந்து தொறந்து மூடியிருக்கீங்க. எந்த டிகிரின்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதுங்களா? டிகிரி வாங்குனவருங்க நீங்க!"

நான் அன்னைக்கு அவருக்குப் பரிஞ்சு பேசல.

மேனகா பட்டன அமுக்குனா. முப்பத்தாறு புள்ளி ஒம்பதுல நிறுத்துனா. கதவு மேல குறுக்க ஒரு டேப் ஒட்டுனா. கம்பெனிக்குப் போன் போட்டு மத்தியானம் வர்றேன்னு சொல்லிட்டு, மெஷினுக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்துட்டா. வாத்தியாரு எதிர்ல செலையாட்ட உக்காந்தாரு. நான் காப்பி போட்டுக் குடுத்தேன். அது எத்தன டிகிரின்னு யாரும் கேக்கல.

ரெண்டு மணி நேரம் போச்சு. மேனகா டேப்பப் பிரிச்சு ஒரே ஒரு முட்டைய எடுத்தா. டக்குன்னு கதவ மூடுனா.

"கண்ண மூடுங்க சார்."

மூடுனாரு. இமை மேல வெச்சா.

"எத்தன?"

"முப்பத்தா..." நிறுத்திட்டாரு. "தெரியல அம்மணி."

"சுடுதா?"

"இல்ல."

"குளுருதா?"

"இல்ல. ஒண்ணுமே தெரியல. முட்டை இருக்கறதே தெரியல. அட, உள்ள என்னமோ தட்டுது!"

"அப்ப சரியா இருக்குது"ன்னா. மூணு வாரத்துக்கு முன்னாலயே அந்தப் பதிலுக்குத்தான் காத்துக்கிட்டிருந்திருக்கா மகராசி.

பதினோரு மணி வாக்குல மொத முட்டைல மூக்கு தெரிஞ்சுது. அப்பறம் ஒண்ணு. அப்பறம் நாலு. மத்தியானத்துக்குள்ள மெஷினே கீச்சுக் கீச்சுன்னு ஆயிருச்சு. நான் அழுதுட்டேன். தெருவே வந்து நின்னு கண்ணாடில மூஞ்சிய ஒட்டிக்கிட்டுப் பாத்துது. மேனகா மத்தியானம் வேலைக்குப் போயிட்டா.

மறுநாள் சாயங்காலம் வந்து எண்ணுனா. நூத்தி அறுபத்தாறு குஞ்சு. மிச்சம் நாப்பத்தாறு முட்டைய ஒவ்வொண்ணா ஒடச்சுப் பாத்தா. இருபத்தஞ்சு கூமுட்டை, அது யாரு தப்பும் இல்ல. இருபத்தொண்ணுல முழுக் குஞ்சு இருந்துது. மயிரு மொளச்சு, மூக்கு வெச்சு, எல்லாம் ஆயி, வெளிய வர மட்டும் தெம்பில்லாம உள்ளயே போயிருந்துது.

அந்த இருபத்தொண்ணையும் அவரு வேட்டி மடில வாங்கிக்கிட்டாரு. தென்னமரத்தடில அவரே குழி தோண்டிப் பொதச்சாரு. நான் போயி உதவல, எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா திரும்பி வந்து கை கழுவும்போது அவரு மூஞ்சியப் பாத்தேன். அதுக்கு மேல என்னால கோவிச்சுக்க முடியல.

பதினாலு ஊட்டுக்கும் குஞ்சப் பிரிச்சுக் குடுத்தோம். கொறஞ்ச குஞ்சுக்கு நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னால ஊடு ஊடா அவரே சொன்னாரு, "என் தப்புங்க, கேக்காமப் பண்ணிப்போட்டேன்"னு. பதினாலு தடவையும் சொன்னாரு. நான் பின்னாலயே நடந்தேன், அன்னைக்கு ஓட வேண்டி வரல.

மேனகா எங்களுக்காகக் காத்துக்கிட்டிருந்தா. கெளம்பற நேரத்துல அவரு ஸ்கூட்டிகிட்டப் போயி நின்னாரு.

"அம்மணி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க சார். இப்பவாச்சும் கேளுங்க."

"இந்தக் கணக்கு எனக்குத் தூக்கத்துலயும் வரும். எத்தன பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். இருந்தும் உங்கிட்ட ஒரு வாரம் வந்து எனக்கு ஏன் ஒண்ணும் ஏறல?"

மேனகா ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டிருந்தா. கழட்டிக் கையில வெச்சுக்கிட்டா.

"அதுல இருந்து இதுக்கு வரோணும்னா முதல்ல என்ன பண்ணோணும்னு சொன்னீங்க?"

"பாரன்ஹீட்ல இருந்து செல்சியஸ்க்கா? முதல்ல முப்பத்திரண்டக் கழிக்கணும். அதக் கழிக்காம மத்தது எத்தன போட்டாலும் வராது."

"உங்க சர்வீஸ் எத்தன வருசமுங்க சார்?"ன்னு கேட்டா மேனகா.

அவரு வழக்கம்போல "முப்பத்தி"ன்னு ஆரம்பிச்சாரு. அதோட நின்னுட்டாரு.